உள்ளே வரும் கறிவேப்பிலை: குளிர்காலத்தில் வீட்டுச் செடிகளும் எமது உடல்நலமும்

எமது சங்கத்தின் ஒன்றுகூடல்களில் செப்ரெம்பர் மாதம் வந்ததும் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். ஒன்று, காய்ச்சல் தடுப்பூசி எப்போது போடுவார்கள் என்பது. மற்றது, கறிவேப்பிலையை எப்போது உள்ளே எடுப்பது என்பது. முதற் கேள்விக்கு இப்பகுதியில் பல தடவை பதில் எழுதிவிட்டோம். இரண்டாவது உடல்நலப் பகுதிக்கு உரியதல்ல என்று இதுவரை ஒதுக்கியே வந்தோம். அது சரியல்ல என்று இப்போது எமக்குத் தோன்றுகிறது. செடி உள்ளே வரும்போது அதனோடு மண்ணும் ஈரமும் பூச்சியும், சில வீடுகளில் பூச்சிமருந்தும் சேர்ந்தே வருகின்றன. வீட்டிலோ ஐந்தாறு மாதங்களுக்கு யன்னல் திறப்பதே அரிது. தவழும் குழந்தையும், தொய்வு உள்ள பிள்ளையும், பனி வழுக்கும் என்று வெளியே இறங்காத அம்மம்மாவும் அந்த ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

முதலில் கேட்ட கேள்விக்குப் பதில். இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது கறிவேப்பிலையை உள்ளே எடுத்துவிட வேண்டும். ரொறன்ரோவில் இது பெரும்பாலும் செப்ரெம்பர் நடுப்பகுதிக்கும் கடைசி வாரத்துக்கும் இடையில் வரும். முதல் உறைபனி விழட்டும் என்று காத்திருப்பவர்கள் பிறகு குச்சியைத்தான் உள்ளே கொண்டு வருவார்கள். மல்லிகை, துளசி, கற்பூரவள்ளி ஆகியவற்றுக்கும் இதே கணக்குப் போதும்.

செடி காற்றைச் சுத்தம் செய்யுமா?

வீட்டுக்குள் செடி வைத்தால் காற்றுச் சுத்தமாகும் என்பது எம்மவரிடையே நன்கு பரவிவிட்ட நம்பிக்கை. இதன் வேர் 1989 ஆம் ஆண்டு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக வூல்வேர்ட்டன் என்னும் விஞ்ஞானி செய்த ஆய்வில் இருக்கிறது. மூடி அடைத்த சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து, பென்சீன், போமல்டிகைட் முதலிய வாயுக்களைச் செலுத்தி, அவை எவ்வளவு குறைகின்றன என்று அளந்தார்கள். குறைந்தது உண்மை. ஆனால் எமது வீடு மூடிய பெட்டியல்ல. கதவிடுக்கு, யன்னலிடுக்கு, விசிறி என்று காற்று எப்போதும் மாறிக்கொண்டே இருக்கிறது. பிலடெல்பியாவிலுள்ள ட்றெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் முப்பது ஆண்டுக்கால ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்து 2019 இல் வெளியிட்டார்கள். ஒரு கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்று மாற்றத்துக்குச் சமமாகச் செடிகள் வேலை செய்ய வேண்டுமானால், தரையின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆயிரம் சதுர அடித் தொடர்மாடி வீடு ஒன்றுக்கு, மிகக் குறைந்த கணக்கில் பார்த்தாலும், 900 செடிகளுக்கு மேல். பிறகு நாம் எங்கே படுப்பது?

இதைச் சொல்வது செடியைக் குறை சொல்வதற்காக அல்ல. "செடி வைத்திருக்கிறோம், காற்றுக்குக் குறைவில்லை" என்று அடுப்பு விசிறியைப் போடாமல் மீன் பொரிக்கும் வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். காற்று வேண்டுமானால் சமைக்கும்போது விசிறியைப் போடுங்கள். அது புகையை வெளியே தள்ளுகிறதா அல்லது சுற்றிச் சுற்றி உள்ளேயே விடுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். குளியலறை விசிறியைக் குளித்து முடித்த பின்னும் சிறிது நேரம் ஓட விடுங்கள். குளிர்நாளிலும் ஐந்து பத்து நிமிடம் யன்னலைத் திறக்கலாம். அந்த நேரம் செடியை மட்டும் குளிர்காற்றுக்கு எட்டத் தள்ளி வையுங்கள்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. இரவில் செடி கரியமில வாயுவை விடும், படுக்கையறையில் வைக்கக் கூடாது என்பார்கள். விடுவது உண்மை, அளவு மிகச் சிறிது. பக்கத்தில் படுத்திருப்பவர் விடுவது அதைப் போல் பல மடங்கு. அவரை யாரும் வெளியே அனுப்புவதில்லை.

தண்ணீர்தான் தலையிடி

எங்கள் முதற் கறிவேப்பிலை கனடாவின் முதற் குளிர்காலத்திலேயே செத்துப் போனது. காய்ந்துவிடும் என்ற பயத்தில் தினமும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினோம். இலை மஞ்சளாகி விழுந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினோம். பங்குனியில் சாடியைக் கவிழ்த்தபோது வேர் கறுத்து, அழுகிய மணம் வந்தது. ஊரில் கிணற்றடியில் நின்ற மரத்துக்குத் தண்ணீர் அளந்து ஊற்றியவர் யாரும் இல்லை என்பதால், சாடியில் அளவு வேண்டும் என்பதே எமக்குத் தெரியவில்லை.

குளிர்காலத்தில் கறிவேப்பிலை அரைத் தூக்கத்தில் இருக்கும். இலை உதிர்வது பெரும்பாலும் சாவல்ல, ஓய்வு. விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். அந்த ஆழத்தில் காய்ந்திருந்தால் மட்டும், கீழ்த்துளையால் வடியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிடுங்கள். வீட்டைப் பொறுத்து இது ஏழு நாளுக்கு ஒரு தடவையாகவும் இருக்கலாம், பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாகவும் இருக்கலாம். உரம் கார்த்திகை முதல் மாசி வரை வேண்டாம். துளையில்லாத அலங்காரச் சாடிக்குள் நேரே நடவும் வேண்டாம். துளையுள்ள பிளாஸ்ரிக் சாடியில் நட்டு, அதை அலங்காரச் சாடிக்குள் இறக்கி வைத்தால் பார்வைக்கும் நன்றாக இருக்கும், தண்ணீரையும் வடித்துக்கொள்ளலாம்.

ஊற்றும் தண்ணீரின் பெரும்பகுதி செடியில் தங்குவதில்லை. மண்ணின் மேற்பரப்பாலும் இலைகளாலும் ஆவியாகி அறைக் காற்றில் கலந்துவிடுகிறது. பத்துச் சாடிக்கு வாரம் ஒவ்வொரு லீற்றர் என்றால், வாரம் ஏறக்குறைய பத்து லீற்றர் தண்ணீரை வீட்டுக் காற்றில் விடுகிறோம். இது நல்லதா கெட்டதா என்பது நீங்கள் குடியிருக்கும் இடத்தைப் பொறுத்தது.

உயர்ந்த தொடர்மாடியில், ஹீற்றர் இரவும் பகலும் ஓடும் வீட்டில் காற்று வறண்டிருக்கும். தோல் வெடிக்கும், மூக்கு உலர்ந்து இரத்தம் கசியும், தொண்டை கரகரக்கும். அங்கே சாடிகளை ஒன்றாகச் சேர்த்து வைப்பது செடிக்கும் உதவும், உங்களுக்கும் சிறிது உதவும். ஆனால் நிலக்கீழ் அறைகளில் வாடகைக்கு இருக்கும் எமது குடும்பங்கள் பல. அங்கே யன்னல் சிறிது, சுவர் குளிர்ச்சியானது, உடுப்பும் உள்ளேயே காயப்போடப்படும், சோறும் உள்ளேயே அவியும். அதற்கு மேல் பத்துச் சாடி என்றால் ஈரம் சுவரின் மூலைகளிலும் யன்னற் சட்டத்திலும் படிந்து கறுப்புப் பூஞ்சணமாக வளரும். பூஞ்சணம் தொய்வைக் கிளப்பும், இருமலையும் மூக்கடைப்பையும் நீடிக்கச் செய்யும். பிள்ளையை வைத்தியரிடம் மாறி மாறிக் கொண்டுபோவோம், யன்னலடியைப் பார்க்க மாட்டோம்.

வீட்டின் ஈரப்பதன் 30 முதல் 50 சதவீதம் வரை இருக்க வேண்டும், கடுங்குளிரில் 30 அளவில் இருப்பது நல்லது என்று கனடா சுகாதாரத் திணைக்களம் கூறுகிறது. ஈரப்பதன் காட்டும் சிறு கருவி கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. ஒன்றை வாங்கிச் செடிக்குப் பக்கத்தில் வையுங்கள். 50 ஐத் தாண்டினால், அல்லது காலையில் யன்னற் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால், செடிகளைக் குறையுங்கள். குழாய் ஒழுகியோ சுவர் கசிந்தோ பூஞ்சணம் வந்தால் அதைத் திருத்துவது வீட்டுக்காரரின் பொறுப்பு. அவர் கவனிக்காவிட்டால் ரொறன்ரோ நகரசபையின் 311 இலக்கத்துக்கு முறையிடலாம்.

எம்மவரின் கைமருந்துகள் பற்றியும் ஒரு வார்த்தை. புளித்த மோர், அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், தேயிலைச் சக்கை எல்லாம் கோடையில் வெளியே நிற்கும் செடிக்குச் சரி. குளிர்காலத்தில் உள்ளே நிற்கும் சாடிக்கு அவை வேண்டாம். மண்ணின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் படரும், சின்னஞ்சிறு கறுப்பு ஈக்கள் முகத்தைச் சுற்றும். அந்த ஈக்களின் புழுக்கள் ஈர மண்ணில்தான் வாழ்கின்றன. மேல்மண்ணைக் காயவிட்டு, ஒட்டும் மஞ்சள் அட்டை ஒன்றைச் சாடியில் குத்தி வைத்தால் சில வாரங்களில் குறைந்துவிடும்.

வீட்டில் யாராவது புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டிருந்தால், அல்லது உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றிருந்தால், சாடி மண்ணைக் கிளறும் வேலையை வேறொருவர் செய்யட்டும். மண்ணில் இயல்பாக உள்ள பூஞ்சணங்கள் நோயெதிர்ப்புக் குறைந்தவர்களுக்கு மட்டும் ஆபத்தாகலாம். வைத்தியசாலைகளின் சில பகுதிகளில் மண்சாடிகளை அனுமதிக்காததும் இதனால்தான். அவர் உள்ள அறையில் செடி வைக்கலாமா என்று வைத்தியரிடமே கேளுங்கள்.

யன்னலும் வெயிலும்

மார்கழியில் மிகக் குறுகிய நாளன்று யாழ்ப்பாணத்தில் சுமார் பதினொன்றரை மணி நேரம் பகல் இருக்கும். ரொறன்ரோவில் அன்று ஒன்பது மணி நேரம்கூட இல்லை. அதிலும் பாதி முகில். ஆகவே தெற்குப் பார்த்த யன்னல்தான் கறிவேப்பிலைக்கு முதல் இடம், அடுத்தது மேற்கு. எங்கள் தொடர்மாடிகளில் ஒரு சிக்கல், யன்னலுக்கு நேர் கீழே ஹீற்றர் இருக்கும். அதன் மேல் சாடியை வைத்தால் வேர் வேகும், இலை கண்ணாடியில் பட்டு உறையும். இரண்டு துன்பமும் ஒரே நேரத்தில். ஒரு சிறு மேசையை யன்னலிலிருந்து ஓரடி தள்ளிப் போட்டு வைப்பது நல்லது. வடக்கு யன்னல் மட்டுமே உள்ளவர்கள் செடிக்குரிய எல்ஈடி விளக்கொன்றை ஓரடி உயரத்தில் தொங்கவிட்டு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிய விடலாம். இரவில் அணைத்துவிடுங்கள்.

செடியோடு யன்னலடியில் இருந்து வெயில் காய்ந்தால் வைட்டமின் டி கிடைக்கும் என்று மூத்தவர்கள் பலர் நம்புகிறார்கள். கிடைக்காது. வைட்டமின் டியை எமது தோலில் உண்டாக்கும் கதிர்கள் கண்ணாடியைக் கடந்து வருவதில்லை. அதுமட்டுமல்ல, இந்த அகலாங்கில் நவம்பர் முதல் பெப்ரவரி வரை வெளியே நின்றாலும் அந்தக் கதிர்கள் போதிய அளவில் வந்து சேர்வதில்லை. 50 வயதைக் கடந்தவர்கள் நாளொன்றுக்கு 400 அலகு வைட்டமின் டி மாத்திரை எடுக்கும்படி கனடா சுகாதாரத் திணைக்களம் கூறுகிறது. எம்மைப் போன்ற கருந்தோலருக்கு இது இன்னும் முக்கியம். உங்களுக்கு எவ்வளவு என்பதைக் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.

தெளிப்பதைத்தான் தின்கிறோம்

இப்பகுதியை எழுத வைத்ததே இதுதான். கடையில் வாங்கும் கறிவேப்பிலையில் மருந்து அதிகம் என்று சொல்லித்தான் பலர் வீட்டில் செடி வளர்க்கிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. இந்தியாவிலிருந்து வரும் கறிவேப்பிலையைப் பூச்சிமருந்து எச்சத்துக்காகக் கூடுதலாகச் சோதிக்கும் பட்டியலில் ஐரோப்பிய ஒன்றியம் சேர்த்தது. ஆனால் மாசி மாதத்தில் இலையில் பிசுபிசுப்பும் தண்டில் மண்ணிறச் செதில்களும் கண்டவுடன், அதே ஆட்கள் கரப்பானுக்கு அடிக்கும் மருந்தை எடுத்துச் செடிக்கு அடிக்கிறார்கள். ஒருவர் ஊரிலிருந்து பெட்டியில் வந்த, பெயர்ச்சீட்டுக் கிழிந்த போத்தல் ஒன்றை எங்களிடம் காட்டி எவ்வளவு கலப்பது என்று கேட்டார். ஒரு துளியும் கலக்க வேண்டாம் என்றோம். நாளைக்குப் பருப்பில் போடப்போகும் இலை அது. மூடிய வீட்டில் பிள்ளைகள் சுவாசிக்கப்போகும் காற்றும் அதுதான்.

கனடாவில் விற்கப்படும் பூச்சிமருந்தின் பெயர்ச்சீட்டில் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். அந்த இலக்கம் இல்லாத எதையும் வீட்டுக்குள் தெளிக்காதீர்கள். இருந்தாலும் அது உண்ணும் செடிக்கு ஏற்றதா, தெளித்த பின் எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்பதை வாசியுங்கள். ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் பெற்றோருக்குப் பிள்ளைகள் வாசித்துச் சொல்லுங்கள்.

உண்மையில் மருந்து தேவைப்படும் நிலை வருவதே குறைவு. செடியை உள்ளே எடுப்பதற்கு முன், வெளியே வைத்தே தண்ணீர்க் குழாயால் இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். சிலந்திப் பேனும் மாவுப்பூச்சியும் அங்கேதான் ஒளிந்திருக்கும். மேல்மண் ஓரங்குலத்தை அகற்றிப் புது மண் போடுங்கள். உள்ளே கொண்டுவந்த பின் இரண்டு வாரம் மற்றச் செடிகளுக்கு எட்ட வையுங்கள். குளிர்காலத்தில் மாதம் இரண்டு தடவை குளியற் தொட்டியில் வைத்து இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவினால் பேன் பெருகாது. செதில் பூச்சிக்குப் பஞ்சில் தேய்ப்பு அற்ககோலைத் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தெடுக்க வேண்டும். பொறுமையான வேலை, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யலாம். அதற்கும் அடங்காவிட்டால் செடிக்கென்று விற்கும் பூச்சிகொல்லிச் சவர்க்காரம் போதும். பாத்திரம் கழுவும் திரவம் அதுவல்ல, இலையைக் கருக்கிவிடும்.

புதிதாகச் செடி வாங்குபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். செடி முழுவதும் ஊறி நிற்கும் மருந்து மண்ணில் இடப்பட்டதா என்று விற்பவரிடம் கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் அந்தச் செடியை வாங்காமல் விடுவதே மேல். மற்றது, கனடியத் தோட்டக் கடைகளில் "கறி பிளான்ற்" என்ற பெயரில் சாம்பல் நிற இலையோடு ஒரு செடி விற்கும். மணத்தில் கறி போல இருக்கும், ஆனால் அது மத்தியதரைக் கடற்பக்கத்துச் செடி. எமது கறிவேப்பிலை அல்ல. ஊரிலிருந்து மண்ணோடு செடி கொண்டுவரும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். முன்கூட்டிய அனுமதி இல்லாமல் மண் கொண்டுவருவதைக் கனடா தடை செய்திருக்கிறது. விமான நிலையத்தில் செடியும் போகும், தண்டமும் வரலாம்.

எங்கே வைப்பது, எதை வைக்காமல் விடுவது

விருந்தினர் அறையை அழகாக்க மணி பிளான்ற், பீஸ் லிலி, பெரிய புள்ளியிலைகளுடைய டீபன்பாக்கியா ஆகியவற்றை வாங்குகிறோம். இவை மூன்றும் சேம்பின் குடும்பம். சரியாக அவியாத சேம்பு தொண்டையை அரிப்பதற்குக் காரணமான ஊசி போன்ற படிகங்கள் இவற்றின் இலையிலும் தண்டிலும் உண்டு. தவழும் குழந்தை கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். குழந்தை உள்ள வீட்டில் இவற்றை எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள், அல்லது ஓரிரு வருடம் வேண்டாம் என்று விடுங்கள். அலரியை எந்த வயதினர் உள்ள வீட்டுக்குள்ளும் கொண்டுவர வேண்டாம். அதன் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. பூனை வளர்க்கும் வீட்டுக்கு ஈஸ்ரர் லிலி முதலிய உண்மையான லிலிகள் ஆகாது. மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும்.

பிள்ளை எதையாவது கடித்துவிட்டால் வாயைத் துடைத்து, மிச்சத்தை வெளியே எடுத்து, சிறிது தண்ணீர் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே நச்சுத் தகவல் மையத்தை 1-844-764-7669 என்ற இலவச இலக்கத்தில் அழையுங்கள். செடியின் பெயர் தெரிந்தால் சொல்லலாம். ஆகவே ஒவ்வொரு சாடியிலும் பெயரை எழுதி ஒட்டி வைப்பது வீண் வேலையல்ல. மூச்சு விடச் சிரமப்பட்டால் 911.

வைக்கும் இடத்தில் இன்னொரு ஆபத்து, நஞ்சைவிடப் பெரியது. யன்னலடியிலும் பல்கனிக் கம்பியடியிலும் படிபோல அடுக்கி வைக்கும் சாடித் தட்டுகள் சிறுபிள்ளைக்கு ஏணி. பத்தாம் மாடியில் இதைவிட விளக்கம் தேவையில்லை. அந்தத் தட்டை இன்றே உட்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். பெரிய சாடிகளைச் சில்லுள்ள தட்டில் வையுங்கள். நனைந்த மண்சாடியைத் தனியே தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் எம்மிடையே பலர். சிந்திய தண்ணீரை உடனே துடையுங்கள், வயதானவர் விழுவதற்கு ஒரு கரண்டித் தண்ணீர் போதும்.

வயதானவர்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். செடி காற்றைச் சுத்தம் செய்யாது என்றோம். ஆனால் பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போன பின், காலை எட்டு மணியிலிருந்து நாலு மணிவரை ஒரு தொடர்மாடியில் தனியே இருக்கும் அம்மம்மாவுக்கு, எழுந்து போய்ப் பார்க்க ஒன்று இருக்கிறது என்பது சிறிய விடயமல்ல. செடியின் பொறுப்பை அவரிடமே விடுங்கள். விரல்விட்டுப் பார்ப்பதும் செதில் துடைப்பதும் எமக்குச் சொல்லித் தருபவரும் அவரே. ஒரு சனிக்கிழமை அவரை நகர மையத்திலுள்ள அலன் கார்டன்சின் கண்ணாடி மண்டபங்களுக்குக் கூட்டிப் போங்கள். கட்டணம் இல்லை. வெளியே பனி கொட்ட, உள்ளே வெப்பநாட்டு மரங்களிடையே மேலங்கியைக் கழற்றிவிட்டு இருக்கலாம்.

வசந்தத்தில் அவசரப்பட வேண்டாம். சித்திரையில் இரண்டு நாள் சூடாக இருந்ததை நம்பி வெளியே வைத்து இழந்தவர்கள் உண்டு. விக்ரோறியா தின வார இறுதியை ஒட்டி, முதல் ஒரு வாரம் நிழலில், பிறகு காலை வெயிலில், அதன் பின்தான் முழு வெயிலில் வையுங்கள். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும். பூ மொட்டு வந்தால் அதையும் கிள்ளிவிடுங்கள். வெறும் குச்சியாக நிற்கிறதே என்று எறிய நினைப்பவர்கள், நகத்தால் பட்டையைச் சிறிது சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் ஜூன் வரை பொறுங்கள்.